அப்பா அம்மா இல்லாத கல்யாண ஆல்பம் விசாவுக்குத் தடையா?

எழுதியிருப்பவர் தருமபுரி மாவட்டத்து வாசகி. ஊர் பாலக்கோடு பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வயது 28. ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அங்கே கம்பெனி வேலையில் இருந்த கிருஷ்ணகிரிக்காரர் ஒருவரோடு 2019-ல் பழக்கம், பிறகு காதல். சாதி வேறு. அவர் ஆஸ்திரேலிய பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்து 2022-ல் மெல்பர்ன் போனார். 2024-ல் விடுமுறைக்கு வந்தபோது கிருஷ்ணகிரியில் அவருடைய அம்மா, தாய்மாமா, நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றித் தாலி கட்டிச் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதே மாதம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தாகிவிட்டது. வாசகியின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அப்பா இன்றுவரை பேசுவதில்லை. அவர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து அம்மா மட்டும் போன் செய்கிறார்.

கணவர் திரும்பிப் போனபின் ஒரு பொங்கலுக்கு வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனார். வாசகி ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி, விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் கிருஷ்ணகிரியில் மாமியார் வீட்டுக்குப் போய்வருகிறார். கணவர் அனுப்பும் பணம் மாமியார் கணக்குக்கு வருகிறது. இவருக்குரியதை மாமியார் கையில் கொடுத்துவிடுகிறார். 2022 வரைக்குமான வாட்ஸ்அப் பேச்சு எதுவும் இல்லை. வீட்டில் போனைப் பார்ப்பார்கள் என்று அன்றன்றைக்கு அழித்திருக்கிறார்.

கணவரோடு போய்ச் சேர்வதற்கான பார்ட்னர் விசாவுக்காக ஒரு ஏஜென்ட்டைப் பார்த்திருக்கிறார்கள். "பெண் வீட்டார் இல்லாத கல்யாணத்தை எவன் நம்புவான்?" என்று கேட்டவர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார். ஒன்று, மண்டபம் எடுத்து மறுபடி ஒரு கல்யாணம் நடத்துவது; பெற்றோர் இடத்தில் நிற்க ஆளை அவரே கொண்டுவருவார். இரண்டு, 2020 முதல் இருவரும் ஓசூரில் ஒரே வீட்டில் குடியிருந்ததாகப் பழைய தேதியில் ஒரு வாடகை ஒப்பந்தம்; அப்படிக் காட்டினால் நேரே பி.ஆர். கிடைக்குமாம். மூன்று, இதெல்லாம் வேண்டாம் என்றால் டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்வது. "எங்கள் கல்யாணமே பொய் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது மேடம்" என்று முடிகிறது கடிதம்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கல்யாணம் பொய் இல்லை. அதைப் பொய்யாக மாற்றத்தான் அந்த ஏஜென்ட் உங்களிடம் பணம் கேட்கிறார்.

முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டுக்காகச் சேர்க்கப்பட்டது. புரோகிதர் வேண்டாம், ஓமம் வேண்டாம். உறவினர்களோ நண்பர்களோ முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் மாற்றினாலும் தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். அந்த உறவினர்கள் இரு வீட்டாராகவும் இருக்க வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. நீங்கள் இருவரும் வயது வந்தவர்கள், பதிவும் முடித்துவிட்டீர்கள். நடந்த நாட்டின் சட்டப்படி செல்லும் திருமணத்தைப் பொதுவாக ஆஸ்திரேலியாவும் ஏற்கிறது. ஆகவே இன்னொரு கல்யாணம் தேவையில்லை. செய்தால் என்ன ஆகும் தெரியுமா? சான்றிதழில் ஒரு தேதி, ஆல்பத்தில் வேறு தேதி. அப்பா என்று நிற்பவர் யார் என்று நேர்காணலில் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

திருமணச் சான்றிதழ் இருந்தாலே விசா கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. சான்றிதழ் நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி என்பதைக் காட்டும். குடிவரவு அதிகாரி அதற்கு மேலும் பார்ப்பார்: இருவரும் சேர்ந்து வாழும் எண்ணத்தோடு இருக்கிறார்களா, உறவு உண்மையானதா, இப்போதும் தொடர்கிறதா? "நாங்கள் சேர்ந்து இருந்ததே சில வாரங்கள்தான்" என்று எழுதியிருந்தீர்கள். திருமணமானவர்கள் இவ்வளவு காலம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டும் என்று விதி கிடையாது. 12 மாதம் சேர்ந்து இருந்திருக்க வேண்டும் என்கிற கணக்கு மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு. உங்கள் விஷயத்தில், நிரந்தரமாகப் பிரிந்து வாழவில்லை என்பது தெரிந்தால் போதும்.

வாடகை ஒப்பந்தம் என்கிற வெடி

மூன்று யோசனையிலும் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பார்ட்னர் விசா இரண்டு கட்டமாக வரும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு முதலில் 309 என்ற தற்காலிக விசா. விண்ணப்பித்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து உறவு தொடர்கிறதா என்று பார்த்து 100 என்ற நிரந்தர விசா. விண்ணப்பிக்கும் நாளிலேயே மூன்று ஆண்டுக்கு மேல் (குழந்தை இருந்தால் இரண்டு ஆண்டுக்கு மேல்) கணவன் மனைவியாகவோ, மணமாகாத துணையாகவோ வாழ்ந்திருந்தால் காத்திருக்க வைக்காமல் நிரந்தர விசாவையே தரலாம் என்று ஒரு வழி இருக்கிறது. ஏஜென்ட் குறி வைப்பது அதைத்தான். ஆனால் காதலித்த ஆண்டுகள் இந்தக் கணக்கில் வராது. அதனால்தான் ஒரே வீட்டில் வாழ்ந்ததாகக் கதை கட்டுகிறார்.

இப்போது உங்கள் கணவருடைய பழைய விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். பி.ஆருக்கு விண்ணப்பித்தபோது திருமணமாகாதவர், துணை யாரும் இல்லை என்று எழுதியிருப்பார். அன்றைக்கு அது உண்மை. நீங்கள் ஹாஸ்டல், அவர் நண்பர்களோடு ரூம். இன்றைக்கு நீங்கள் "2020 முதல் சேர்ந்து வாழ்ந்தோம்" என்று எழுதினால், அப்போது அவர் எழுதியது பொய் என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகும். இரண்டு கோப்பும் ஒரே குடிவரவுத் துறையிடம்தான் இருக்கின்றன. தவறான தகவல் கொடுத்து வாங்கிய விசாவை ரத்து செய்ய அந்த நாட்டுச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. உங்களுக்கு விசா கிடைக்காமல் போவது ஒரு பக்கம், அவருடைய பி.ஆருக்கே ஆபத்து.

போலி ஆவணம் பிடிபட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, அடுத்த 3 ஆண்டுகளுக்குப் பெரும்பாலான ஆஸ்திரேலிய விசாக்களுக்குக் கதவு அடைபடும். கட்டிய கட்டணம் திரும்பி வராது. ஏஜென்ட் செய்தார், எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பெரும்பாலும் தப்ப முடியாது. விண்ணப்பம் உங்கள் பெயரில் போகிறது. பழைய தேதி போட்ட ஒப்பந்தம் இங்கேயும் குற்றம்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பது எதை, உங்களிடம் இருப்பது எது

உறவை நான்கு கோணத்தில் பார்க்கிறார்கள்: பணம், வீட்டு வாழ்க்கை, ஊரும் உறவும் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் பிடிப்பு. நான்கிலும் சமமாக நிறைய இருக்க வேண்டும் என்பதில்லை. ஆளும் சூழ்நிலையும் பார்த்துத்தான் எடைபோடுவார்கள்.

பணத்தில்தான் உங்களிடம் ஓட்டை. பணம் வருகிறது, ஆனால் உங்கள் பெயர் எங்கும் இல்லை. நம் பக்கத்தில் இது சாதாரணம். பிள்ளை வெளிநாட்டிலிருந்து அம்மா கணக்குக்கு அனுப்புவான், அம்மா மருமகள் கையில் கொடுப்பார். மெல்பர்னில் பாஸ்புக்கைப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? இந்த மாதம் முதல் உங்கள் செலவுக்கானதை நேரே உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். மாமியாரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், விசாவுக்காக என்று. இல்லாவிட்டால் அங்கே ஒரு மனத்தாங்கல் வந்துவிடும். இதுவரை நடந்ததை மறைக்க வேண்டாம். மாமியாரின் பாஸ்புக் நகலோடு, இப்படித்தான் கொடுத்து வந்தேன் என்று அவர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவும் ஆதாரமே. தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும்.

உங்கள் பி.எஃப். கணக்கில் நாமினி யார்? அப்பா பெயர்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். திருமணத்துக்குப் பிறகு புது நாமினேஷன் போட வேண்டும் என்பது எப்படியும் விதி, அதைக் கணவர் பெயருக்கு மாற்றுங்கள். எல்.ஐ.சி. இருந்தால் அதிலும் அப்படியே. அவர் தம்முடைய சூப்பரானுவேஷன் (அங்குள்ள ஓய்வுக்கால நிதி) கணக்கில் உங்களைப் பயனாளியாகப் போடட்டும். இதெல்லாம் விசாவுக்காக மட்டும் செய்கிற வேலையில்லை, புருஷன் பெண்டாட்டி செய்துகொள்ள வேண்டியவைதான்.

வீட்டு வாழ்க்கைக்கு, நீங்கள் கிருஷ்ணகிரிக்குப் போய்வருவது நல்ல சான்று. அங்கே உங்கள் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா? பெரும்பாலும் இன்னும் அப்பா கார்டில்தான் இருக்கும். ஆன்லைனில் நீக்கப் போனால் ஓடிபி அவருடைய மொபைலுக்குப் போய், ஒரு சண்டை கிளம்பும். திருமணச் சான்றோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்துப் பாருங்கள். ஆதாரில் முகவரியை மாற்றுவது அதைவிட எளிது.

மூன்றாவது கோணத்தில்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். உங்களை ஜோடியாக அறிந்த, 18 வயது நிரம்பிய இருவர் 888 என்ற படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மெல்பர்னில் அவருடைய நண்பர்கள் இருப்பார்கள். உங்கள் ஹாஸ்டல் தோழியும், கூட டியூட்டி பார்க்கும் நர்ஸும் தனியாகக் கடிதம் தரலாம். கணவரின் தாய்மாமா வீட்டு விசேஷத்துக்கு உங்கள் இருவர் பெயரையும் போட்டுப் பத்திரிகை வந்ததா? உறையை எடுத்து வையுங்கள். பத்துப் பதினைந்து பேர் நிற்கும் கல்யாணப் படம் போதும். அந்த பத்துப் பதினைந்து பேர் யார் யார் என்று கீழே எழுதினால், முந்நூறு பேர் நிற்கும் மண்டபப் படத்தைவிட மேல்.

பெற்றோர் ஏன் இல்லை என்பதை நீங்களே எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். சாதி வேறு, அப்பா சம்மதிக்கவில்லை, அம்மா அவருக்குத் தெரியாமல் பேசுகிறார், அதனால் படத்தில் அவர்கள் இல்லை என்று நான்கு வரி. இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் அதிகாரிக்கு சாதி மறுப்புத் திருமணம் புது விஷயமில்லை. வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்ட கல்யாணம் என்பது, நான்காவதாகக் கேட்கும் பிடிப்புக்கு உங்களிடம் உள்ள பெரிய சான்று. அதைப் போய் வாடகை அப்பாவை வைத்து மூடப் பார்க்கிறார் அந்த ஆள்!

அழிந்த வாட்ஸ்அப் பேச்சுக்கும் இதே பதில்தான். ஏன் அழித்தீர்கள் என்று எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் தயாரித்துத் தருகிறேன் என்று எவராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். மிச்சம் இருப்பதைத் தேடுங்கள்: கூகுள் போட்டோவில் பழைய படம், ஜிபே கணக்கில் 2020-ல் அவருக்கு அனுப்பிய இருநூறு ரூபாய், அவருடைய விமானச் சீட்டு, பொங்கலுக்கு ஒகேனக்கல் போய்த் தங்கியிருந்தால் அந்த ரசீது. 2022-க்குப் பிந்தைய பேச்சில் மாதத்துக்குச் சில பக்கம் போதும், மூட்டையாகக் கொட்ட வேண்டாம். காதல் வசனத்தைவிட "வாடகை கட்டியாச்சா, அத்தைக்கு பி.பி. மாத்திரை வாங்கினியா" என்கிற பேச்சு நன்றாகப் பேசும்.

இருவரும் தனித்தனியாக ஓர் உறவு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். எப்படிச் சந்தித்தீர்கள், எப்போது முடிவெடுத்தீர்கள், பிரிந்திருக்கும் காலத்தை எப்படி ஓட்டுகிறீர்கள், இனி என்ன திட்டம். அவரவர் வார்த்தையில் எழுதுங்கள். ஏஜென்ட் கொடுக்கும் அச்சுக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றியிருப்பது இரண்டாவது வரியிலேயே தெரியும்.

டூரிஸ்ட் விசாவில் போய்விட்டால்?

இதைச் சட்டவிரோதம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவுக்குள் இருந்துகொண்டு விண்ணப்பிக்க 820 என்று தனி விசாவே இருக்கிறது. ஆனால் பார்வையாளர் விசாவில் 8503 என்ற நிபந்தனையைப் போட்டுவிட்டால், அங்கிருந்தபடி வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. கணவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அதைப் போடும் வாய்ப்பு அதிகம். கணவர் இருப்பதையே மறைத்து விசா வாங்கினால் அது பொய்த் தகவல், மேலே சொன்ன 3 ஆண்டுத் தடை இங்கேயும் வரும். வேலையை விட்டுவிட்டுப் போய், அந்த நிபந்தனையோடு திரும்பி வந்தால் ஓசூரில் அந்த வேலை இருக்குமா?

நான் சொல்வது: 309-க்கு இங்கிருந்தே விண்ணப்பியுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் நீங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகு, கணவரைப் பார்க்கப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லிப் பார்வையாளர் விசா கேட்கலாம். கொடுத்தால் சில வாரம் சேர்ந்து இருந்துவிட்டு வாருங்கள், அந்த நாட்களும் உங்கள் கோப்புக்கு வலு. முன்பெல்லாம் 309 கைக்கு வரும் நாளில் வெளிநாட்டில் இருந்தாக வேண்டும்; 2023 நவம்பர் முதல் அந்தக் கட்டாயம் இல்லை.

அங்கே போன பிறகு

"அவரை நம்பித்தானே போகிறேன், நாளைக்கு மாறிவிட்டால்?" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். அடிக்க வேண்டாம், கேட்க வேண்டிய கேள்விதான். 309 வந்ததும் முழு நேரம் வேலை செய்யலாம், மெடிகேர் மருத்துவ வசதிக்கும் பதியலாம். பாஸ்போர்ட்டும் விசாவும் உங்களுடையவை. அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பி அன்றைக்கே உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. உறவு முறிந்தால் நிரந்தர விசா கிடைப்பது சிக்கல் என்பது உண்மை. ஆனால் முறிந்ததற்குக் காரணம் குடும்ப வன்முறை என்றால், உறவு இல்லாமலேயே நிரந்தர விசாவைக் கேட்க அங்கே சட்டத்தில் வழி இருக்கிறது. அடி மட்டுமே வன்முறை இல்லை. பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் மிரட்டுவதும் அதில் சேரும்.

நீங்கள் நர்ஸ். இது உங்களுக்கு இன்னொரு கை. அங்கே நர்ஸாகப் பணியாற்ற ஆஃப்ரா என்ற அமைப்பில் பதிவு வேண்டும். இந்தியாவில் படித்தவர்கள் பொதுவாக நர்ஸ்களுக்கான என்கிளெக்ஸ் தேர்வும், பிறகு செய்முறைத் தேர்வும், ஆங்கிலத் தேர்வும் தாண்ட வேண்டும். விசாவுக்குக் காத்திருக்கும் காலத்தில் இதைத் தொடங்கிவிடுங்கள். பதிவு கையில் இருந்தால் திறன் அடிப்படையிலான விசாவுக்கு உங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கவும் இடம் உண்டு. கணவரோடு சேர்ந்து வாழ அதுவே கூட ஒரு வழியாகலாம், கொஞ்சம் நீண்ட வழி.

பாதுகாப்பு, போலீஸ் சான்று, பணம்

விசாவுக்குப் போலீஸ் தடையில்லாச் சான்று வேண்டும். பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பிப்பீர்கள். விசாரணை நீங்கள் கொடுக்கும் முகவரியை ஒட்டித்தான் வரும். பாலக்கோட்டு வீட்டைக் கொடுத்துவிட்டு, காவலர் வந்து அப்பாவிடம் "உங்க பொண்ணு வெளிநாடு போகுதாமே" என்று கேட்கும் நிலையை உண்டாக்காதீர்கள். உண்மையில் குடியிருக்கும் முகவரி எதுவோ அதைக் கொடுங்கள். சான்றும் மருத்துவப் பரிசோதனையும் பொதுவாக 12 மாதம்தான் செல்லும், துறை கேட்கும்போது எடுத்தால் போதும். பரிசோதனை அவர்கள் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டும்; உங்களுக்கு பெங்களூரு பக்கம்.

பள்ளிச் சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, திருமணச் சான்றில் வேறு மாதிரி என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று ஒரு பிரமாணப் பத்திரம் இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து மிரட்டல் வந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டிருக்கிறது. எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181. அந்த மனுவின் நகலும் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

கணவருக்கு இவ்வளவு சம்பளம் இருந்தால்தான் முடியும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பார்ட்னர் விசாவுக்கு அப்படிக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை. வந்த பிறகு உங்களைப் பார்த்துக்கொள்வதாக அவர் பொறுப்பேற்க வேண்டும், அவ்வளவுதான். அவருடைய போலீஸ் சான்றும் கேட்பார்கள்.

அரசுக் கட்டணமே 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல், நம் பணத்தில் ஐந்து லட்சத்தைத் தொடும் அல்லது தாண்டும். இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஒரே கட்டணம், நிராகரித்தால் திரும்பாது. நிராகரித்தால் மேல்முறையீடு அங்கே தீர்ப்பாயத்தில் உங்கள் கணவர்தான் செய்ய முடியும், அதற்குத் தனிச் செலவு. உங்கள் ஐந்து பவுனை அடகு வைக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சம்பாதிப்பவர் டாலரில் சம்பாதிக்கிறார், அவர் கட்டட்டும். நகை உங்களிடமே இருக்கட்டும். வேலையையும் விசா வரும் வரை விடாதீர்கள், ஓராண்டுக்கு மேல் இழுப்பது சகஜம்.

ஆள் வைத்துத்தான் செய்வது என்றால், ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடிவரவு முகவரைக் கணவர் அங்கேயே பார்க்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் இருக்கும், அரசின் இணையப் பட்டியலில் சரிபார்க்கலாம். கட்டணம் பொதுவாக ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று ஏறும். நாமினேஷனும் பணம் அனுப்புவதும் மாறி, நான்கைந்து மாதக் கணக்கு சேர்ந்த பிறகு, அடுத்த ஜூலைக்கு முன்பாக விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.